நரி பார்த்த திசை

அத்தியாயம் 9

“நரி முகத்துல முழிச்சா நல்லது நடக்கும்பாங்க மேடம். இந்த நரி மூஞ்சியப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது” என்றார் துரைக்கண்ணு.

வளர்மதி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “காலையில தின்ன போண்டா கலக்குதுண்ணே. நரி மேல பழி போடாதீங்க.”

துரைக்கண்ணு, திண்டிவனம் – திருவண்ணாமலை தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினாரே ஒழிய வாயை நிறுத்தவில்லை. வளர்மதியின் துப்பறியும் நிலையம் விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்று விசாரிப்பது. அதனால் செஞ்சியில் ஒரு கொலை கேஸ் என்றதும் உதவியாளரான துரைக்கண்ணு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கியிருந்தார். இறந்தவனின் மாடி ஸ்டுடியோவுக்குள் நுழைந்து அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உற்சாகம் வடிந்தது.

படத்தில் ஒரு நரி நின்றது. காய்ந்த புல், சாயங்கால வெயில், பின்னால் கூகைப்பாறையின் கறுத்த நிழல். ஒரு முன்னங்காலைத் தூக்கியிருந்தது. கேமராவை அது பார்க்கவில்லை. எடுத்தவனின் இடது தோளைத் தாண்டி, அவன் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

எடுத்தவன் பெயர் எழிலன். ஊரில் கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் அவன்தான் போட்டோகிராபர். மனசு மட்டும் காட்டு விலங்குகளிடம். திங்கட்கிழமை சாயங்காலம் இந்தப் படத்தை எடுத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் மேல்சித்தாமூர் ரோட்டுக்கு உள்ளே இருக்கும் கூகைப்பாறையின் அடியில், மண்டை உடைந்து கிடந்தான். கேமரா நொறுங்கியிருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய மெமரி கார்டு இல்லை. ஆனால் எழிலன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நகல் தானாகவே போனுக்குப் போய், போனிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். கார்டைப் பிடுங்கியவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆட்கள் உட்காரும் ஸ்டூலில் எழிலனின் மனைவி கலைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“எந்தம்பி பண்ணலக்கா” என்றாள், நாலாவது தடவையாக.

தம்பி சேரனை இன்று காலையில் போலீஸ் பிடித்துவிட்டது. நாளைக் காலையில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி உள்ளே தள்ளப்போகிறார்கள். காரணம், ஞாயிற்றுக்கிழமை நடந்த காதுகுத்து. ஊரான் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் முதல் ஆளாக நிற்கும் எழிலன், சொந்த மகள் காதுகுத்துக்கு வரவில்லை. நரி குட்டிகளோடு வெளியே வந்திருக்கிறது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய்மாமன் சேரனின் மடியில் குழந்தை, “நைனா எங்க?” என்று கேட்டபடி அழுதது. சாப்பாட்டுப் பந்தி முடியும் நேரத்தில் எழிலன் மண்ணும் முள்ளுமாக வந்து சேர்ந்ததும், சேரன் அத்தனை சனத்துக்கு நடுவில் அவன் சட்டையைப் பிடித்தான். “அந்தக் கூகைப்பாற மேலேர்ந்து உன்னத் தள்ளி வுட்டாத்தான் மாமா உனக்குப் புத்தி வரும்!”

மறுநாளே மாமா அந்தப் பாறைக்கு அடியில் கிடந்தால் போலீஸ் வேறு யாரைத் தேடும்?

“வாய்ல வெச்சிக்கிட்டான் சனியன” என்றாள் கலைச்செல்வி. “அந்தச் சாயங்காலம் கொல்லையில மல்லாட்டைச் செடிக்குத் தண்ணி பாச்சிக்கிட்டு இருந்தேன்றான். சாட்சி சொல்ல மல்லாட்டைக்கு வாயா இருக்குது?”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் அரிகிருஷ்ணன். வளர்மதிதான் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். காட்டு விலங்குப் படங்களில் இந்தப் பக்கத்துக்கே பெரிய கை. போட்டிகளுக்கு நடுவர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், மிருகங்களுக்குத் தீனி போடாதீர்கள் என்று பேசுகிறவர். பச்சை நிறத்தில் நிறைய பாக்கெட் வைத்த சட்டை. அவருடைய நரிப் படம் ஒன்று இதே ஸ்டுடியோ சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. எழிலன் அவரைக் குரு மாதிரி நினைத்தான் என்று கலைச்செல்வி சொல்லியிருந்தாள்.

திரையைப் பார்த்ததும் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். “இது… எப்படி? கார்டு இல்லன்னு சொன்னாங்களே?”

“வேற வழியில கெடச்சிது சார். நீங்கதான் படிச்சிச் சொல்லணும். எனக்கு நரின்னா நரி, அவ்ளோதான் தெரியுது. இதுல இன்னா விசேஷம்?”

நல்ல படத்தைக் கண்டால் சிலருக்கு வாய் நிற்காது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மொதல்ல கண்ணு மேடம். மீசை மங்கலாம், வால் மங்கலாம், கண்ணு மங்கக் கூடாது. கண்ணுல உயிர் இருந்தாத்தான் படத்துல உயிர். அப்புறம் பின்னாடி பாருங்க, ஒரு குப்பை செத்தை இல்ல. வெயிலு பக்கவாட்டுல வுழுந்து முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது. எல்லாத்துக்கும் மேல, எடுத்தவன் எங்க இருந்தான்னு பாருங்க. நின்னுக்கிட்டு எடுத்தா நரி முதுகுதான் தெரியும், ஏதோ தெரு நாய் மாதிரி இருக்கும். இவன் மண்ணோட மண்ணா வயித்த வெச்சிப் படுத்துட்டான். நரி கண்ணும் இவன் கண்ணும் ஒரே மட்டம். அதனாலதான் பாக்கறவன் நெஞ்சுல வந்து இடிக்குது…”

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க சார்.”

“இத எடுத்துட்டு அப்புறமா பாறை மேல ஏறியிருப்பான். கூகையப் படம் எடுக்க. பாவம்.”

“நரி ஏன் அந்தப் பக்கம் பாக்குது?”

அரிகிருஷ்ணன் கொஞ்சம் யோசித்தார். “பயம் மேடம். ஆள் வர்ற சத்தம் கேட்டிருக்குது. எவனோ பின்னாடி வந்திருக்கான்.” கலைச்செல்வியைப் பார்க்காமல் தொடர்ந்தார். “யாருன்னு நான் சொல்லல. எனக்கு எதுக்கு ஊரான் வம்பு.”

கலைச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். வளர்மதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நரி இடம் போனா இன்னா, வலம் போனா இன்னா, மேல வுழுந்து புடுங்காம இருந்தா சரிம்பாங்க” என்றார் துரைக்கண்ணு.

“இந்த நரி இடம் பாத்ததுக்கு ஒரு உசுரு போயிருக்குதுண்ணே” என்ற வளர்மதி அரிகிருஷ்ணனிடம் திரும்பினாள். “சார், சாயங்காலம் அந்த எடத்துக்கு எங்ககூட வரணும். அவரு எங்க படுத்திருந்தார்னு நீங்க காட்டினா உதவியா இருக்கும்.”

“நான் அந்தப் பக்கமே போயி ஒரு வருஷம் ஆவுது மேடம். முட்டி வலி. எஸ்.ஐ. அம்மாகிட்டயும் இதயேதான் சொன்னேன்.” வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “சரி, எழிலனுக்காக வர்றேன். ஆனா இத்தினி பேரு போனா நரி தலைகூட காட்டாது. காட்டு மிருகம் மேடம் அது.”

செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்தது.

“போலீஸ் கதையில ஒரு ஓட்டை வுழுந்துடுச்சி” என்றாள் வளர்மதி. “எழிலன் பாறை மேல இல்ல. கீழ தரிசுல படுத்திருந்தாரு. படமே சொல்லுது.”

“அவரு சொன்ன மாதிரி, எடுத்துட்டு அப்புறம் ஏறியிருந்தா?”

“கல்யாணத்துல தாலி கட்டும்போது போட்டோகாரர் எத்தினி படம் எடுப்பாருண்ணே?”

“அது தடதடன்னு எடுத்துத் தள்ளுவான் மேடம். அய்யரு கையி, மாமியா மூஞ்சி, பந்திக்கு ஓடறவன்…”

“இந்த நரிய அவரு எத்தினி நாளு தவம் கெடந்து எடுத்திருக்காரு. முந்தின நாள் படங்களப் பாருங்க. நரி காத ஆட்டினா அதுக்கே இருபது முப்பது படம். திங்கக்கிழமை அதே நரி அவரு வாழ்க்கையிலயே பாக்காத மாதிரி காலத் தூக்கிக்கிட்டு நிக்குது. அதுக்கு எத்தினி படம்?”

துரைக்கண்ணு சுட்டியை உருட்டினார். மேலே போனார், கீழே வந்தார். “ஒண்ணு” என்றார். அவருக்கே குரல் இறங்கிவிட்டது. “ஒண்ணே ஒண்ணு. இதுக்கப்புறம் ஒண்ணுமில்ல.”

“ரெண்டாவது படம் எடுக்க அவரு இல்லண்ணே.”

கலைச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே பஸ் ஸ்டாண்டில் யாரோ “அனந்தபுரம், அனந்தபுரம்” என்று கூவிக்கொண்டிருந்தார்கள். எவனோ எழிலனை அடித்துவிட்டு, பாறைக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். காதுகுத்துப் பந்தியில் சேரன் சொன்ன வார்த்தை அவன் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் பந்தியில் ஊரே இருந்ததே. அதை வைத்து யாரைப் பிடிப்பது?

வளர்மதி இன்னொரு படத்தை எடுத்து இந்தப் படத்துக்குப் பக்கத்தில் போட்டாள். போன மாதம் எடுத்தது. அதே நரி. தூரத்தில் ஆடு மேய்க்கிறவர் தெரிந்தார். நரியின் காது பின்னால் படிந்திருந்தது. வால் வயிற்றுக்கு அடியில். உடம்பு பாதி திரும்பி ஓடத் தயாராக இருந்தது.

“இது பயம்” என்றாள். “இப்ப கடைசிப் படத்தப் பாருங்க. காது முன்னாடி நிமிந்திருக்குது. உடம்பு முன்னாடி சாஞ்சிருக்குது. நாக்கு ஓரத்துல தெரியுது. இது பயமா?”

துரைக்கண்ணு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். “மேடம், ஞாயித்துக்கெழம எங்க வூட்டம்மா கறிக்கடைப் பையோட தெருமுனையில வந்தாப் போதும். எங்க வூட்டு நாயி வாசல்ல இதே மாதிரிதான் நிக்கும். காலு, காது, நாக்கு எல்லாம் இதேதான். என்னப் பாத்து ஒரு நாளும் அப்படி நின்னதில்ல. அதுல எனக்கு வருத்தம்கூட உண்டு.”

வளர்மதி அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “இதுக்குத்தாண்ணே உங்களக் கூட வெச்சிருக்கேன்.”

அவள் கலைச்செல்வி பக்கம் திரும்பினாள். “எழிலன் நரிக்குத் தீனி போடுவாராம்மா?”

“ஐயோ, அவரா? தீனி வெச்சி எடுக்கற படம் திருட்டுப் படம்பாரு. மனுசன் போடற சோத்துக்குப் பழகின மிருகம் தானா எரை தேடாது, நாளைக்கு எவன் வெசம் வெச்சாலும் தின்னுட்டுச் சாவும்பாரு. போன வாரம்கூட வந்து கத்தினாரு. எவனோ கோழிக் கழிவக் கொண்டாந்து நரிக்குப் போடறான், ஆளக் கண்டுபுடிச்சி வனத்துறையில சொல்லப் போறேன்னாரு.”

“திங்கக்கிழமை கையில இன்னா எடுத்துக்கிட்டுப் போனாரு?”

“கேமரா, தண்ணி பாட்டில். அப்புறம் அந்தக் காதுகுத்து பிளெக்ஸ் பேனரு. மண்டபத்துல கட்டியிருந்ததக் கழட்டி மடிச்சி எடுத்துக்கிட்டாரு. படுக்கறதுக்குத் தோதா இருக்கும்னு. கருப்பு முதுகு மேல தெரியற மாதிரி விரிச்சிப் படுத்தா நரிக்குக் கண்ணு கூசாதாம். பாப்பா மூஞ்சி போட்ட பேனர எடுத்துக்கிட்டுப் போறீங்களேன்னு அதுக்கும் சண்ட போட்டேன்.” அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அதுதான் கடைசியாப் பேசினது.”

பிணத்துக்குப் பக்கத்தில் பேனர் எதுவும் இல்லை. போலீஸ் எழுதிய பட்டியலை வளர்மதி காலையிலேயே படித்திருந்தாள்.

கோழிக் கழிவைத் தேடி இருவரும் கடைத்தெருவில் இருந்த கறிக்கடைகளுக்குப் போனார்கள். மூன்றாவது கடையிலும் அதே பதில்தான்.

“தெனமும் எத்தினியோ பேரு வந்து ட்ரம்முல வாங்கிட்டுப் போறாங்க சார்” என்றான் கடைக்காரன், கத்தியைத் துடைத்தபடி. “மீன் குட்டைக்காரன், பன்னி வளக்கறவன், நாய் வெச்சிருக்கறவன். நாத்தத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் ஊத்துவோம். யாரு மூஞ்சியப் பாத்தோம்?”

“ஆள் மூஞ்சி தெரியல, வேற யாருக்குத் தெரியும்?” என்றார் துரைக்கண்ணு, தெருவுக்கு வந்ததும்.

“தின்னவனுக்குத் தெரியும்” என்றாள் வளர்மதி. போனை எடுத்து, கேஸை விசாரிக்கும் எஸ்.ஐ. பூங்குழலியைக் கூப்பிட்டாள்.

கூகைப்பாறைக்கு முன்னால் இருந்த தரிசு வெயில் சாய்கிற நேரத்தில் நன்றாகவே இல்லை. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எந்த நேரமும் உருண்டுவிடும் என்பதுபோல் நின்றன. எங்கோ ஒரு மயில் அகவியது. அதன் பிறகு வந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது. கலைச்செல்வியை வர வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் தம்பி உள்ளே இருக்கிறான், நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வந்துவிட்டாள்.

அரிகிருஷ்ணன் இடத்தைக் காட்டினார். எழிலன் படுத்திருந்த இடத்தில் புல் இன்னும் நசுங்கியிருந்தது.

வளர்மதி ஐந்து பேரையும் இடைவெளி விட்டு, ஒரே வரிசையில் தரையில் உட்கார வைத்தாள். முதலில் எஸ்.ஐ., அடுத்து கலைச்செல்வி, அரிகிருஷ்ணன், துரைக்கண்ணு, கடைசியில் தான்.

“இன்னா மேடம் இது?” என்று பூங்குழலி கிசுகிசுத்தார். “நான் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாம வந்திருக்கேன். சீக்கிரம் முடிங்க.”

“அடையாள அணிவகுப்பு மேடம். சாட்சி இப்ப வரும்.”

“வராது” என்றார் அரிகிருஷ்ணன். “நான்தான் சொன்னேனே.”

காத்திருந்தார்கள். பாறையின் நிழல் நீண்டு அவர்கள் கால்வரை வந்தது. துரைக்கண்ணு ஒரு கொசுவை அடிக்கக் கையை ஓங்கி, வளர்மதியின் முறைப்பைப் பார்த்து, கொசுவுக்கே கையைக் கொடுத்துவிட்டார்.

அப்போது புல் அசைந்தது.

நரி வந்துவிட்டது. விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. எஸ்.ஐ.யைப் பார்த்ததும் காதைப் பின்னால் மடித்து ஒதுங்கியது. கலைச்செல்வியை வெகுதூரம் சுற்றிக்கொண்டு போனது. வாலை ஒடுக்கிக்கொண்டு துரைக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த நொடி அதன் தலை திரும்பியது.

காது நிமிர்ந்தது. முன்னங்கால் ஒன்று மேலே எழுந்தது. நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கியது. திரையில் பார்த்த அதே நரி, அதே நிலை. இந்தத் தடவை அது யாரைப் பார்க்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அரிகிருஷ்ணன் அசையவில்லை. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. நரி ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. அவர் முட்டிக்குப் பக்கத்தில் வந்து, முகத்தை அண்ணாந்து பார்த்து மெல்ல முனகியது.

“போ!” என்று அவர் கத்தினார். “சீ, போ!” கையில் அகப்பட்ட கல்லை எடுத்து வீசினார்.

நரி ஓடவில்லை. கல் போய் விழுந்த இடத்துக்கு ஆசையாக ஓடியது. கல்லை முகர்ந்தது. நக்கிப் பார்த்தது. திரும்பி வந்து மறுபடியும் அவர் கையையே பார்த்தது.

அந்தக் கையிலிருந்து எது வந்தாலும் தீனி என்றுதான் அதற்குத் தெரியும்.

கலைச்செல்வி “ஐயோ!” என்று அலறினாள். பூங்குழலி எழுந்துவிட்டார். “ஒரு வருஷமா இந்தப் பக்கமே வரலன்னீங்களே சார்?”

“தீனி போட்டேன்!” அரிகிருஷ்ணனும் எழுந்தார். குரல் கீச்சென்று வந்தது. “ஆமா, போட்டேன். ஊர் ஊராப் போயி போடாதீங்கன்னு பேசிட்டு நானே போட்டேன். வெக்கந்தான். அதுக்காகக் கொலைகாரனா? நரி சாட்சி சொல்லிச்சின்னு கோர்ட்டுல போயி சொல்லுங்க, சிரிப்பாங்க!”

அவர் சொன்னது உண்மைதான். பூங்குழலி வளர்மதியைப் பார்த்தார். கலைச்செல்வியின் முகம் செத்துவிட்டது. நாளைக்குக் காலையில் சேரன் கோர்ட்டில் நிற்பான், இந்த ஆள் வீட்டுக்குப் போவார்.

“மேடம்” என்றார் துரைக்கண்ணு. “சாட்சி எங்கியோ கெளம்பிடுச்சி.”

கையில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த நரி, ஓட்டமும் நடையுமாகப் பாறைகளின் பக்கம் போனது. பல நாள் போன வழியைப்போல் நேராகப் போனது. வளர்மதி பின்னாலேயே ஓடினாள். “அங்க ஒண்ணும் இல்ல!” என்று அரிகிருஷ்ணன் கத்தியது ஓடுகிறவள் கால்களுக்கு இன்னும் வேகம் கொடுத்தது.

இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. உள்ளே மூக்கைப் பிய்க்கும் நாற்றம். ஒரு நீல நிற பிளாஸ்டிக் ட்ரம் இருந்தது. அதன் வாயைக் கருப்பு பிளெக்ஸ் ஒன்றால் மூடிக் கயிறு கட்டியிருந்தது. நரி அந்த பிளெக்ஸைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஆட்களைக் கண்டதும் விலகி நின்றது.

செஞ்சியில் மாட்டுக் கொட்டகையிலிருந்து இட்லிக் கடை வரை எல்லாக் கூரையிலும் பழைய பேனரில் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. பிளெக்ஸ் என்றால் பிளெக்ஸ், மூடுவதற்கு ஆகும். அரிகிருஷ்ணனும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். புதைக்க நேரமில்லை, எரித்தால் புகை வரும், இந்த நாற்றத்துக்குள் எவன் வருவான் என்று கருப்பு முதுகு மேலே தெரிய ட்ரம்மில் கட்டிவிட்டார்.

வளர்மதி கயிற்றை அவிழ்த்துத் திருப்பினாள்.

பட்டுப் பாவாடையில் ஒரு குழந்தை சிரித்தது. பக்கத்தில் மீசையை முறுக்கியபடி தாய்மாமன் சேரன். ‘காதணி விழா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதி. மடிப்பு விழுந்த ஒரு மூலையில், குழந்தையின் கொலுசுக்குப் பக்கத்தில், காய்ந்து கறுத்த கறை.

“இந்த பேனரு எத்தினி அடிச்சீங்கம்மா?” என்று பூங்குழலி கேட்டார்.

“ஒண்ணுதான்” என்றாள் கலைச்செல்வி. அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணே ஒண்ணுதான் மேடம். திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் எங்க வூட்டுல இருந்துது.”

அரிகிருஷ்ணன் ஓடப் பார்த்தார். துரைக்கண்ணு காலை நீட்டினார். முப்பது வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்று பழகிய கால் அது.

“டிக்கெட் எடுக்காம எறங்கக் கூடாது சார்” என்றார்.

விலங்கு மாட்டும்போது அந்த ஆள் மண்ணில் உட்கார்ந்து அழுதார். “என் பேரே போயிருக்கும். என் படம் அத்தினியும் திருட்டுன்னு ஊருக்குச் சொல்லப் போறேன்னான். காதுகுத்து அன்னிக்கே பந்தியில என் காதோட சொன்னான். ஆள் யாருன்னு தெரிஞ்சிடுச்சி சார், நீங்களே போயி சொல்லிடுங்க, ஒரு நாள் டைம் தர்றேன்னான்.”

“உங்க மேல எனக்கு எப்ப சந்தேகம் வந்துது தெரியுமா?” என்றாள் வளர்மதி. “இத்தினி வருஷம் மிருகத்தப் படம் எடுத்தவருக்குப் பயத்துக்கும் பசிக்கும் வித்தியாசம் தெரியாதா சார்?”

பூங்குழலி அவரை ஜீப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகிற போக்கில் யாருக்கோ போன் போட்டு, “அந்தச் சேரனுக்குச் சாப்பாடு வாங்கிக் குடுங்கய்யா” என்றது கேட்டது.

கலைச்செல்வி பேனரை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டாள். “அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? காட்டுல கெடந்த மனுசன் அவரு. எல அசைஞ்சாத் திரும்புவாரு. ஒரு ஆளு பின்னாடி கல்லெடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் ஏன் திரும்பிப் பாக்கல?”

வளர்மதிக்குச் சொல்ல மனசில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

“அவருக்குக் காவல் அந்த நரிதாம்மா. வேத்தாளு வந்தா அது பயந்து ஓடும், ஓடினா இவரு திரும்புவாரு. அன்னிக்கி அது ஓடல. சந்தோசப்பட்டுது. அது காலத் தூக்கிக்கிட்டு நின்னத இவரு கேமரா வழியாப் பாத்தாரு. இத்தினி நாளா இப்படி ஒரு படம் கெடைக்கலியேன்னு அமுக்கினாரு.”

நரி இன்னும் போகவில்லை. திறந்த ட்ரம்மையும் மனிதர்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றது. கலைச்செல்வி பேனரைத் துரைக்கண்ணுவிடம் கொடுத்தாள். குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தாள்.

“அம்மா, அது இன்னா பண்ணும், வாயில்லாத சீவன்…” என்றார் துரைக்கண்ணு.

அவள் எறிந்தாள். நரி போய் முகர்ந்தது. அவள் இன்னொன்றை எடுத்து, அழுதுகொண்டே, குறி பார்த்து எறிந்தாள். அது விலாவில் பட்டு உடைந்தது. நரி வலியில் கத்தித் துள்ளியது. அவளை நிமிர்ந்து பார்த்தது.

“ஓடு!” என்று கத்தினாள். “எங்களப் பாத்தா ஓடு! யாரு எதப் போட்டாலும் திங்காத! ஓடிப் பொழச்சிக்கோ!”

மூன்றாவது கட்டி விழுவதற்குள் அது பாறைகளுக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கலைச்செல்வி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “வாங்கக்கா, ஸ்டேஷனுக்குப் போலாம்” என்றாள். “எந்தம்பி காத்துக்கிட்டு இருப்பான்.”